தேவப்பிரியம் டீச்சரும் சோர்வு நிவாரணக் கமிட்டியும்

தேவப்பிரியம் டீச்சர் கேட்டது ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் இதற்காகக் கூடிய பதினான்கு கூட்டங்களில், மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு ஒருவருக்கும் இது ஞாபகம் இல்லை.

விண்ணப்பம் 1952 ஜூலை ஏழாம் தேதி தபாலில் வந்தது. பிரித்தவன் நான். என் பெயர் தவசிமுத்து. ராயபுரம் கல்மண்டபத்துக்கு அடுத்த தெருவில், ஒரு மரக்கடையின் மாடியில் இருந்த ராயபுரம்-எண்ணூர் பாலர் ஊழிய ஐக்கியத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. தெற்கே ஒரு சின்ன ஊர் மிஷன் பள்ளியில் படித்தவன். அங்கே எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது இரண்டு: குண்டு குண்டான கையெழுத்து, பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் எழுதுவது. ஐக்கியத்துக்கு இந்த இரண்டும் போதுமானதாக இருந்தன.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லும் ஞாயிறு வகுப்புகள் எங்களுக்குப் பதினொன்று. பாடம் சொல்பவர்கள் பதினொரு பேர், எல்லோரும் சம்பளமில்லாத ஊழியர்கள். இந்தப் பதினொரு பேரையும் உற்சாகப்படுத்துவதற்குத் தலைவர், உபதலைவர், காரியதரிசி, உறுப்பினர்கள் என்று முப்பத்து நான்கு பேர்.

டீச்சர் வார நாட்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்கு கால் பிரிவில் வேலை பார்த்தார். ஆறு வருஷமாக டெம்பரரி. செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை, குரல் பரிசோதனை வைத்திருந்தார்கள். தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் வேலை இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் அவரும் அவர் தாயாரும் சாப்பிட்டார்கள்.

ஞாயிறு காலையில் காசிமேட்டு மணலில் அவருக்கு நூற்றுப்பத்துப் பிள்ளைகள். மீன்பிடிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கூட்ஸ் ரயில். இரண்டுக்கும் மேலாகக் கத்தித்தான் நோவா பேழை கட்ட வேண்டும், மோசே கடலைப் பிளக்க வேண்டும். ஒன்பது வருஷம் கத்தினார். தொண்டை கட்டிக்கொண்டது. வண்ணாரப்பேட்டையில் டாக்டர் மஜீது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல மெதுவா பேசுறது பரவாயில்லம்மா. மணல்ல நின்னு கத்துறத ஒரு மாசம் நிறுத்துங்க. இல்லாட்டி குரல் போயிடும்" என்று சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆகையால் டீச்சர் ஆகஸ்டு மாதத்து ஐந்து ஞாயிறும் விடுப்பு கேட்டு எழுதினார். டாக்டர் சீட்டை இணைத்திருந்தார். கடைசியில், கடவுளும் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தாரே என்று பணிவாக ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிதான் காரியத்தைக் கெடுத்தது.

"வேதத்தை நமக்கே திருப்பிச் சொல்றாங்க," என்றார் தலைவர் அருள்நாதன்.

அருள்நாதன் துறைமுகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, கோட்டு, பைக்கடிகாரம். எதையும் எழுந்து நின்று பேசுவார். அன்றைக்கும் எழுந்து நின்றார்.

"கர்த்தர் ஏழாம் நாள் ஓய்ந்தார். வாஸ்தவம். ஆனா ஆறு நாள் வேலையை முடிச்சிட்டு ஓய்ந்தார். டீச்சர் முடிச்சிட்டாங்களா? காசிமேடு முழுக்க ரட்சிக்கப்பட்டாச்சா? நான் துறைமுகத்துல முப்பத்தோரு வருஷம் இருந்தேன். ஒரு நாள் களைச்சிருப்பேனா? கேட்டுப் பாருங்க. எனக்குக் கீழ நானூறு பேர் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மூட்டை தூக்கினாங்க. நான் களைக்கவே இல்லை."

எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். ஊழியர் சேர்க்கைக்கு விதி இருந்தது. ஊழியர் கண்டிப்புக்கு நான்கு விதிகள் இருந்தன. ஓய்வு என்ற சொல் ஒரே இடத்தில், பதினான்காம் விதியில் வந்தது: 'ஊழியருக்குரிய ஓய்வு பரலோகத்தில் வழங்கப்படும்.' பதினைந்தாம் விதி: 'தொடர்ந்து இரண்டு ஞாயிறு ஆசிரியர் வராத வகுப்பு மூடப்படும்.'

விதியில் இல்லாத காரியத்துக்கு என்ன செய்வது? கமிட்டி போடுவது. அன்றே சோர்வு நிவாரணக் கமிட்டி அமைந்தது. தலைவர் அருள்நாதன், செயலாளர் கருணாகரன், உறுப்பினர்கள் ஐந்து பேர். கருணாகரன் ஒரு கம்பெனியில் பெரிய குமாஸ்தா. எந்த வேதனையையும் ஒரு படிவமாக மாற்றிவிடும் வரம் பெற்றவர்.

முதல் கூட்டத்துக்கு டீச்சரை வரச் சொல்லி எழுதினேன். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தார். கையில் ஒரு சிலேட்டு. ஏழு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'ஆபீஸ் வேலைக்குத் தவிரப் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதிப் பதில் சொல்லலாமா?'

கருணாகரன் தலையை ஆட்டினார். "சகோதரி, இருதயத்துல விசுவாசிக்கணும், வாயினால அறிக்கை பண்ணணும். சிலேட்டால அறிக்கை பண்றதுன்னு எங்கயும் இல்லை. களைப்பை வாயால சொல்லுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

"தொண்டை வலிக்குதுங்க," என்றார். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது.

"சத்தமா. உறுப்பினர்களுக்குக் கேக்கல."

பேச முடியவில்லை என்பதை அவர் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசி விளக்கினார். முடிவில் கமிட்டி இப்படிப் பதிவு செய்தது: 'சகோதரி நீண்ட நேரம் தெளிவாகப் பேசினார். குரலில் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.'

அந்தப் பதிவும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

வெளியே படிக்கட்டில் அவரிடம் கேட்டேன். "வராம நின்னுட்டா என்னம்மா? உங்களை யார் என்ன செய்ய முடியும்?"

சிலேட்டைத் துடைத்து எழுதினார்: 'பதினைந்தாம் விதி. இரண்டு வாரம் வராவிட்டால் வகுப்பை மூடிவிடுவீர்கள். நூற்றுப்பத்துப் பிள்ளைகள் சார்.' பிறகு அதன் கீழே சின்னதாக: 'எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதோ?'

இந்தக் கேள்வியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் கேட்டதை அல்ல. அப்படிக் கேட்கும்படி நாங்கள் செய்ததை.

டாக்டர் சீட்டைப் பரிசீலிக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் முடிவானது. கருணாகரனும் நானும் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு குறுகலான மருந்தகம். டாக்டர் மஜீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"இந்தக் களைப்பு சரீரக் களைப்பா, ஆவிக்குரிய களைப்பா?" என்றார் கருணாகரன்.

"நான் பாத்தது தொண்டைய. ஆவிய டார்ச் அடிச்சுப் பாக்குற பழக்கம் எனக்கில்ல."

"அதாவது, காரணம்?"

"மூட்டை தூக்குறவன் கையில காய்ப்பு காய்க்குதா இல்லியா? அந்த மாதிரி அந்தப் பொண்ணு தொண்டைக்குள்ள காய்ச்சிருக்கு. கைக்காவது ராத்திரி ஓய்வு. இதுக்கு அதுவும் இல்ல."

"ஜெபம் பண்ணா சரியாகாதுன்னு சொல்றீங்களா?"

"அய்யய்யோ, நான் எங்க சொன்னேன்? நானே அஞ்சு வேளை தொழுறேன். தாராளமா ஜெபம் பண்ணச் சொல்லுங்க. வாய மூடிக்கிட்டுப் பண்ணச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

கருணாகரன் திரும்பி வரும் வழியில் ஜட்காவிலேயே அறிக்கையைச் சொன்னார், நான் எழுதினேன்: 'மருத்துவரும் ஜெபத்தையே பரிந்துரைக்கிறார்.'

ஜூலை இருபத்தோராம் தேதி முதல் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஐக்கிய மண்டபத்தில் சோர்வு நிவாரண ஜெபம் ஏற்பாடாயிற்று. டீச்சர் சத்தமாக ஜெபிக்க வேண்டும். மவுனமாக ஜெபித்தால் வருகைப் பதிவேட்டில் ஜெபித்தாரா தூங்கினாரா என்று எப்படிக் குறிப்பது? கமிட்டி உறுப்பினர்களுக்கு வருகை கட்டாயமில்லை. அவர்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்தே ஆவியில் கலந்துகொண்டார்கள். விளக்கேற்ற நான் போவேன். டீச்சர் தனியாக நின்று ஜெபித்துவிட்டு, ஆறு மணிக்கு ஓடிப்போய் டிராம் பிடிப்பார்.

கருணாகரன் தயாரித்த படிவமும் அந்த வாரமே அச்சாகி வந்தது. மூன்று பத்திகள். 'விசுவாசத்தால் நீங்கிய சோர்வு.' 'நீங்கிக்கொண்டிருக்கும் சோர்வு.' 'நீங்காத சோர்வு (காரணமான பாவத்தைக் குறிப்பிடவும்).' தினம் ஒன்று பூர்த்தி செய்ய வேண்டும், மூன்று பிரதிகளில். டீச்சர் முதல் நாள் மூன்றாம் பத்தியில் 'பாவம் தெரியவில்லை' என்று எழுதினார். 'தெரியாத பாவம்' என்று ஒரு துணைப்பத்தி சேர்த்துப் படிவம் மறுபடி அச்சானது.

இதற்குள் கமிட்டி பல முறை கூடிவிட்டது. சில கூட்டங்கள் இரவு எட்டு மணியைத் தாண்டின. ஒன்பதாவது கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கொட்டாவி விட்டார். அருள்நாதன் மனம் இளகிப் பேசினார்.

"சோர்வைப் பத்திச் சிந்திக்கிறதே பெரிய பாரம். பிறர் சோர்வைச் சுமக்கிறவனுக்குத்தான் அதோட கனம் தெரியும். நாம கொஞ்சம் தள்ளி, அமைதியான இடத்துல உக்காந்து இதை ஆராயணும்."

ஆகஸ்டு இரண்டாம் தேதி முதல் பத்து நாள், சோர்வை ஆராயக் கமிட்டி ஏற்காடு போவதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விடுப்புக்கு விதி இல்லையே என்று நான் மெதுவாகக் கேட்டேன். "இது விடுப்பு இல்ல தவசிமுத்து, தியானம்," என்றார் கருணாகரன். "கம்பளி எடுத்துக்கணும்னு எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை எழுதிடுங்க."

போவதற்கு முன்னால் டீச்சரையும் மறக்கவில்லை. அவர் இரண்டு வாரமாக ஜெபித்தும் விழாமல் நடமாடுகிறார் என்பதால், விசுவாசத்தால் சோர்வு நீங்கியதற்கு அவரே கண்கண்ட சாட்சி என்று கமிட்டி கண்டுபிடித்தது. மற்ற பத்து ஆசிரியர்களும் கொஞ்ச நாளாகவே முகம் வாடித் திரிந்ததால், அவர்களைத் திடப்படுத்த டீச்சர் ஒவ்வோர் இடமாகப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். தலைப்பு: 'நான் ஏன் களைப்பதில்லை?' ஆகஸ்டு மூன்று, தண்டையார்பேட்டை. பத்து, திருவொற்றியூர். பதினேழு, எண்ணூர். இருபத்து நான்கு, வண்ணாரப்பேட்டை. முப்பத்தொன்று, பாலர் மகா தினம். முதல் நான்கு ஞாயிறும் காலையில் காசிமேட்டு வகுப்பு வழக்கம்போல.

அவர் கேட்ட ஐந்து ஞாயிறும் அவருக்கே ஒதுக்கப்பட்டன.

தண்டையார்பேட்டையில் முக்கால் மணி நேரம் பேசினார். திருவொற்றியூரில் இருபது நிமிடம். எண்ணூருக்கு நான் கூடப் போனேன். உப்பளக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "நான் ஏன்..." என்று ஆரம்பித்து அதற்கு மேல் வராமல் நின்றுவிட்டார். ஆனந்தத்தால் தொண்டை அடைத்துவிட்டது என்று அங்கிருந்த உபதலைவர் சபைக்கு விளக்கினார். ஆசிரியர்களில் இரண்டு பேர் அழுதார்கள். அது ஆனந்தமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆகஸ்டு பத்தொன்பதாம் தேதி, ஏற்காட்டிலிருந்து சிவந்த கன்னங்களோடு திரும்பிய கமிட்டி கூடியிருந்தபோது, மாடிப்படியில் மீன் வாசனை முதலில் ஏறி வந்தது. அதன் பின்னால் மங்கம்மா வந்தாள். காசிமேட்டுக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவன், இவள் தலைச்சுமையாக மீன் விற்பவள். அவள் பிள்ளைகள் மூன்று பேர் டீச்சரிடம் படித்தார்கள்.

"இங்க யாரு பெரியவரு?" என்றாள், கூடையை மேசைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து.

"நீ எந்தச் சபைம்மா?" என்றார் கருணாகரன், மூக்கில் கைக்குட்டையோடு.

"கடலுக்குப் போறவன் பொண்டாட்டி. எனக்கு இன்னா நைனா சபை? எங்க டீச்சருக்கு லீவு குடுக்க மாட்டேன்றீங்களாமே. அது பேசுனா காக்கா கத்துறாப்ல கீது. எம்பொண்ணு வூட்ல வந்து அய்வுது. ஒரு லீவு குடுக்க ஏயு பேரு குந்திகினு இன்னா பண்றீங்க? எங்கூட்டு ஆம்பளைங்க கட்டுமரம் தள்ளக்கூட இத்தினி பேரு இல்லியே!"

அருள்நாதன் எழுந்து நின்றார். "இதெல்லாம் ஆவிக்குரிய காரியம். ஊழியத்தோட பாரம் உனக்குப் புரியாது."

"பாரமா?" மங்கம்மா கூடையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். "கல்மண்டபத்துலேர்ந்து வண்ணாரப்பேட்டை வரிக்கும் தெனம் தூக்கிகினு போறேன். நீ இத்த இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்குத் தூக்கிகினு போ, பாப்போம். அப்பால பாரத்தப் பத்திப் பேசு, தொர."

யாரும் கூடையைத் தொடவில்லை. கூட்டக் குறிப்பில் இப்படி எழுதச் சொன்னார்கள்: 'பார்வையாளர் ஒருவர் மீனுடன் வந்தார். கூட்டம் ஜெபத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.'

மகா தினத்தைச் சொல்லுமுன் கம்பளிப் பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். கறுப்புக் கம்பளி போர்த்திய ஒரு பலகையை டீச்சர் வைத்திருந்தார். வேதக் கதைப் படங்களை வெட்டி, முதுகில் உப்புத்தாள் ஒட்டியிருப்பார். கம்பளிமேல் வைத்தால் படம் பிடித்துக்கொண்டு நிற்கும். அதில் ஒன்று எலியா தீர்க்கதரிசி. ராணிக்குப் பயந்து வனாந்தரத்தில் ஓடி, இனி முடியாது, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடமே சொல்லிவிட்டுச் சூரைச்செடியின் கீழே படுத்துத் தூங்குகிற எலியா. காசிமேட்டில் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாட்டெல்லாம் முடிந்து தொண்டை வறண்ட பிறகு அந்தப் படத்தைப் பலகையில் ஏற்றுவார். ஏற்றியதும் நூற்றுப்பத்துப் பிள்ளைகளும் படகு நிழலில் மணல்மேல் படுத்துவிட வேண்டும். டீச்சர் கையால் படம் இறங்கும்வரை பேச்சு மூச்சு இருக்கக்கூடாது. வாரத்தில் அவர் தொண்டைக்குக் கிடைத்த ஓய்வு அந்தப் பத்து நிமிடம்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வகுப்பைப் பார்வையிடப் போன நான் அதைப் பார்த்து அறிக்கையில் எழுதிவிட்டேன். 'ஊழிய நேரத்தில் படுத்தல்' என்று தலைப்புப் போட்டு ஐக்கியம் விளக்கம் கேட்டது. அந்தக் கடிதத்தையும் எழுதியவன் நான்தான்.

ஆகஸ்டு முப்பத்தொன்று. மறுநாள் காலை பதினொரு மணிக்கு டீச்சருக்குப் பரிசோதனை. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல். பந்தல் மேடைக்கும் உறுப்பினர்களின் நாற்காலிகளுக்கும் மட்டும். பதினொரு வகுப்பிலிருந்தும் வந்த அறுநூறு பிள்ளைகள் காலை ஏழு மணி முதல் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு மேலே பெரிய எழுத்தில் துணிப்பட்டி: 'களைப்படையோம்!'

பிள்ளைகளுக்குப் பன் தருவதாக ஏற்பாடு. நன்றியுரைக்குப் பிறகு.

வரவேற்புரை, வாழ்த்துரைகள் ஆறு, அறிக்கை வாசிப்பு. பத்தரை மணிக்கு அருள்நாதன் எழுந்தார். கழுகைப் பற்றிப் பேசினார். கழுகு களைப்பதில்லை, ஏனென்றால் அது இறக்கையை அடிப்பதில்லை, காற்றுதான் அதைச் சுமக்கிறது என்றார். "நம்ம ஐக்கியத்தில் நாங்க கழுகு மாதிரி. ஆசிரியர்கள்தான் காற்று. காற்று களைச்சுப் போய் நின்னா கழுகு என்னத்துக்கு ஆகும்? யோசிச்சுப் பாருங்க!" முன்வரிசை நாற்காலிகள் கை தட்டின. ஒரு சின்னப் பெண் வெயிலில் மயங்கிச் சரிந்தாள். அவளை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள்.

"இப்போது நம் சகோதரி தேவப்பிரியம், நான் ஏன் களைப்பதில்லை என்று சாட்சி சொல்லுவார்," என்று அறிவித்தார் கருணாகரன்.

டீச்சர் மேடை ஏறினார். மைக்குக்கு முன்னால் போகவில்லை. கம்பளிப் பலகையைத் தூக்கி வந்து மேடையின் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நாற்காலியில் சாய்த்து வைத்தார். பையிலிருந்து சூரைச்செடியை எடுத்து ஒட்டினார். அப்புறம் எலியாவை எடுத்து அதன் கீழே ஏற்றினார்.

காசிமேட்டுப் பிள்ளைகள் நூற்றுப்பத்துப் பேரும் இருந்த இடத்தில் படுத்தார்கள்.

ஒரு சத்தம் இல்லை. பக்கத்து வரிசை திருவொற்றியூர்ப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். இதென்ன விளையாட்டு என்று அவர்களும் படுத்தார்கள். எண்ணூர் வரிசை. தண்டையார்பேட்டை வரிசை. காற்று அடித்து நெற்பயிர் சாய்கிற மாதிரி மைதானம் சாய்ந்தது. அறுநூறு பிள்ளைகள், முகத்தின்மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு.

"எழுந்திருங்க! இன்னும் நன்றியுரை இருக்கு!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் அருள்நாதன்.

ஒருவரும் அசையவில்லை.

"டீச்சர், அந்தப் படத்தை எடுங்க!" என்றார் கருணாகரன். டீச்சர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. ஒன்பது வருஷத்தில் அவர் ஐக்கியத்துக்குச் சொன்ன முதல் மாட்டேன். கருணாகரன் பாய்ந்து போய்த் தானே எலியாவைப் பிடுங்கினார். பிள்ளைகள் எழவில்லை. டீச்சர் கையால் இறங்கினால்தான் எழுவது என்பது சட்டம். விதிப் புத்தகத்தில் இல்லாத சட்டம், ஆனால் அதை அவர்கள் மீறவில்லை.

அப்போது எண்ணூர் ஆசிரியை, எண்ணூரில் அழுத இரண்டு பேரில் ஒருவர், தன் வகுப்பின் ஓரத்தில் முந்தானையை விரித்துப் படுத்தார். அவருக்குப் பிறகு திருவொற்றியூர் ஆசிரியர். பிறகு மற்றவர்கள். கடைசியில் டீச்சரும் பலகையின் அடியில், 'களைப்படையோம்' என்ற எழுத்துக்களுக்கு நேர் கீழே, ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது பாவம்! இது அவிசுவாசம்! எல்லாத்தையும் எழுதிக்கோ தவசிமுத்து!" என்றார் அருள்நாதன்.

நான் பேனாவை மூடினேன். மேசைக்கு அடியில் நல்ல நிழல் இருந்தது. நானும் படுத்தேன். ஆகையால் அதற்குப் பிறகு தலைவர் பேசியதற்குக் குறிப்பு எதுவும் இல்லை.

மறுநாள் பரிசோதனையில் ஐந்தாவது எண்ணைச் சொல்லும்போது டீச்சரின் குரல் உடைந்துவிட்டது. ஒன்பது வருஷத்தை ஒரு மத்தியானத் தூக்கம் சரிசெய்துவிடுமா? பரிசோதித்த அம்மாள், டீச்சர் கையோடு கொண்டுபோயிருந்த டாக்டர் மஜீதின் இன்னொரு சீட்டைப் படித்தார். அன்று மாலையே டீச்சர் கையில் உத்தரவு கொடுத்துவிட்டார்கள். இரண்டு வரி: எட்டு வாரம் மருத்துவ விடுப்பு, நவம்பரில் மறு பரிசோதனை. ஜெபமில்லை, படிவமில்லை, கழுகு இல்லை. டெலிபோன்காரர்கள் விசுவாசிகளா என்று எனக்குத் தெரியாது. நவம்பரில் அவர் தேறினார்.

காசிமேட்டு வகுப்பை மூட முடியவில்லை. பத்து ஆசிரியர்களும் மைதானத்தில் படுத்திருந்தபடியே ஏதோ பேசி முடிவு செய்திருக்கிறார்கள். ஞாயிறுக்கு ஒருவராக மணலுக்கு முறைபோட்டுப் போனார்கள். இதற்கு எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை.

ஆனால் கமிட்டி சும்மா இருக்குமா? பதினான்காவது கூட்டத்தில், மைதானத்தில் நடந்தது கண்டிக்கத்தக்கது என்று ஒரு தீர்மானமும், அதே சமயம் ஓய்வு வேதத்துக்கு விரோதமானதல்ல என்று தெரிய வருவதால் அதை முறைப்படுத்த வேண்டும் என்று இன்னொரு தீர்மானமும் நிறைவேறின. சூரைச்செடி உபகமிட்டி என்று ஒன்று அமைந்தது. அமைப்பாளர்: சகோதரி தேவப்பிரியம். அவர் உடனே புறப்பட்டு ஏழு ஊர்களில் 'ஓய்வெடுப்பது எப்படி?' என்று பேச வேண்டும்.

அந்தக் கடிதத்தை நான் எழுத மாட்டேன் என்றேன். கருணாகரன் தானே எழுதினார். கையெழுத்து சகிக்கவில்லை. நேரில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டுமென்று, வழி காட்ட என்னைக் கூட அழைத்துப் போனார்.

டீச்சர் வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. வாசற்படியில் மங்கம்மா உட்கார்ந்து, அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசு நைனா. டீச்சர் தூங்குது."

"எழுப்பும்மா. முக்கியமான விஷயம்," என்றார் கருணாகரன்.

"எம்பொண்ணு அந்தக் கதைய எனக்குச் சொல்லிச்சு," என்றாள் மங்கம்மா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு சாமியாரு ஓடி ஓடிக் களைச்சுப்போயி, செடியாண்ட வுயுந்து தூங்குனாராம். தேவதூதன் வந்து எழுப்புச்சாம். ரெண்டு தபா. ஒயுங்கா வேல செய்லன்னு கேக்க எழுப்பல. அடை சுட்டு எடுத்தாந்து, துன்னுட்டுப் படுன்னு சொல்ல எழுப்புச்சாம். நீ இன்னா எடுத்தாந்துகீற?"

கருணாகரன் தன் கையைப் பார்த்தார். மூன்று பிரதிகள் இருந்தன.

"கடிதம்."

மங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"துன்றதா அது?"